அப்பாவோட ஏர் ரைஃபிளும் கோணிப்போன முன் சைட்டும்

போன மாசம் கிணத்துக்கடவு வீட்டுல பரண் மேல இருந்து பித்தளை அண்டாவை இறக்கப்போயி, அதுக்குப் பின்னாடி சாக்குல சுத்தி வச்சிருந்த அப்பாவோட ஏர் ரைஃபிளையும் சேர்த்து இறக்கிட்டேன், இறக்கினேன்னு மரியாதையா சொல்றேன், உண்மையில அது தானா விழுந்துச்சு. ஏழடி உயரம், சிமெண்ட் தரை, முனை முதல்ல பட்டு "ணங்"னு ஒரு சத்தம். அப்பா திண்ணையில இருந்தபடியே "என்னடா போட்டு உடைச்ச"ன்னார். ஒண்ணும் இல்லீங்ப்பான்னு சொல்லிட்டு எடுத்துப் பார்த்தா கட்டை உடையல, பேரல்ல ஒண்ணும் தெரியல, சரி தப்பிச்சோம்னு நினைச்சேன்.

இது பழைய ஸ்ப்ரிங் மாடல், நடுவுல மடக்கி லோடு பண்றது, பாயிண்ட் 177, அதாவது 4.5 எம்எம் பெல்லட். லைசென்ஸ் கேப்பீங்கன்னு தெரியும், 2016 ஆயுத விதிகள்படி பாயிண்ட் 177க்கு மேல போகாம, சக்தியும் 20 ஜூலுக்கு மேல போகாம இருக்கற ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்ல. அதுக்காக குருவி, மைனான்னு குறி வைக்கற ஆளுங்க இந்தப் பதிவை இதோட மூடிட்டுப் போயிடலாம்.

அக்கா பொண்ணு பத்தாவது படிக்கறா. ஸ்கூல்ல இருந்து ரைஃபிள் கிளப்புக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போனதுல இருந்து அவளுக்கு அதே பேச்சு. கடலூர்ல பிறந்து குஜராத்ல வளர்ந்து ரெண்டு ஒலிம்பிக் போன ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன் போட்டோ அவ அலமாரி கதவுல ஒட்டியிருக்கு. மேட்ச் ரைஃபிள் லட்சக்கணக்குல ஆகும்னதும் அக்கா பேச்சையே மாத்திட்டா. அதனால இந்தப் பழசை துடைச்சு ஞாயித்துக்கிழமை வீட்டுல பழகட்டும்னு நான்தான் சொன்னேன். கோயம்புத்தூர் கணபதியில லேத் பட்டறை வச்சிருக்கறவனுக்கு ஒரு ஏர் ரைஃபிளை ரெடி பண்றது என்ன பெரிய விஷயம்னு ஒரு திமிர் வேற.

திண்ணையில இருந்து பழைய மாட்டுக்கொட்டகை சுவர் வரைக்கும் டேப் வச்சு சரியா 10 மீட்டர் அளந்தோம். கொட்டகையில இப்ப மாடு இல்ல. சுவத்துல மணல் மூட்டை, அதுக்கு முன்னாடி பழைய துணி அடைச்ச அட்டைப்பெட்டி, அதுல குறி வைக்கற கார்டு. பெல்லட் கெட்டியான இடத்துல பட்டா திரும்பி வரும், அதனால கண்ணாடி போடாம யாரும் கிட்ட வரக்கூடாதுன்னு கண்டிஷன். பெல்லட் ஈயம், சுட்டு முடிச்சதும் கை கழுவாம முறுக்கு டப்பா பக்கம் போகக்கூடாதுன்னு அம்மாவோட கண்டிஷன்.

முதல் அஞ்சு ஷாட் பாப்பா சுட்டா. எல்லாம் இடது பக்கம். ஒண்ணு ரெண்டு கார்டுலயே இல்ல, அட்டைப்பெட்டியில ஓட்டை. "மாமா, நான் நடுவுலதான் வச்சேன், சத்தியமா"ன்னா. நான் வாங்கி சுட்டேன், எனக்கும் இடது பக்கம்தான்.

இங்க நான் ஒண்ணு மட்டும் ஒழுங்கா செஞ்சேன், உடனே சைட்டை, அதாவது குறி பார்க்கற அமைப்பை, தொடல. ஸ்கூல்ல என்சிசியில இருந்தப்ப படுத்துக்கிட்டு பாயிண்ட் 22 சுடுவோம், அங்க உஸ்தாத் கத்திக் கத்தி மண்டையில ஏத்தின விஷயம் அது, முதல்ல குரூப், அப்புறம்தான் சைட். அஞ்சு குண்டும் ஒரே இடத்துல கூட்டமா விழுந்து அந்த கூட்டமே தள்ளி இருந்தா சைட் கோளாறு. கண்டபடி செதறுனா சைட்டை என்ன திருகினாலும் வேலைக்கு ஆகாது, வேற எங்கயோ லூஸ் இருக்குன்னு அர்த்தம். எங்களுக்கு விழுந்த அஞ்சும் 6 சென்டிமீட்டர் அகலத்துக்கு செதறி இருந்துச்சு. பார்த்தா கட்டையில முன்பக்கம் இருக்கற ரெண்டு ஸ்க்ரூவும் கையால திருகற அளவுக்கு லூஸு. ஸ்ப்ரிங் ரைஃபிள் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் உதறும், வருஷக்கணக்குல அந்த உதறல்ல ஸ்க்ரூ தானா கழண்டுக்கும். அதை டைட் பண்ணி, பேரல் மடங்கற இடத்து பிவட் போல்ட்டையும் ஒரு புடி புடிச்சுட்டு, கையில இறுக்கிப் பிடிக்காம உள்ளங்கையில சும்மா உட்கார வச்சு சுடுன்னு சொன்னேன். இந்த ரகத்தை இறுக்கினா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி உதறும். குரூப் ரெண்டரை சென்டிமீட்டருக்கு வந்துருச்சு. ஆனா கூட்டம் மொத்தமும் நடுவுல இருந்து நாலரை சென்டிமீட்டர் இடது பக்கம். பெல்லட்ல பாதிக்கு மேல ஒண்ணு மேல ஒண்ணு பட்டு கிழிஞ்ச ஓட்டை, ஆனா கறுப்பு வட்டத்துக்கு வெளிய.

இப்பதான் முன் சைட்டை நல்லா பார்த்தேன். பேரல் முனையில குறுக்கால ஒரு டவ்டெயில், அதாவது வாய் குறுகி அடி அகண்ட பள்ளம் வெட்டி, அதுல சின்ன இரும்பு பிளாக், பிளாக் மேல நிமிர்ந்து நிக்கற தகடு. பிளாக்கோட இடது கன்னத்துல புதுசா பளபளன்னு ஒரு அடிபட்ட தழும்பு. மூளை இருக்கறவனுக்கு இதுவே போதும், இடது பக்கம் அடி வாங்கினா பிளாக் வலது பக்கம் நகர்ந்திருக்கும், அதைத் திருப்பி இடது பக்கம் தள்ளணும், அவ்வளவுதான். நான் தழும்பைப் பார்த்தேன், தொட்டும் பார்த்தேன், பார்த்துட்டு என்ன பண்ணேன்னா, குண்டு இடது பக்கம் போகுது, அது வலது பக்கம் வரணும், அதனால சைட்டை வலது பக்கம் தட்டணும்னு முடிவு பண்ணி, பேரலுக்கு அடியில விறகுக்கட்டை வச்சு, பழைய ஸ்க்ரூடிரைவரை முட்டுக் கொடுத்து, சுத்தியால ரெண்டு தட்டு தட்டினேன். அதுவும் இரும்பு ஸ்க்ரூடிரைவர். பட்டறையில பசங்க இப்படி பண்ணியிருந்தா காதைத் திருகியிருப்பேன்.

திரும்ப அஞ்சு ஷாட். கூட்டம் 7 சென்டிமீட்டர் இடது பக்கம். பாப்பா கார்டைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, ஒண்ணும் சொல்லல. திண்ணையில அப்பா தினத்தந்தியை மடிச்சு மடியில வச்சுக்கிட்டு ஒரு இருமல் இருமுனார்.

ஏன் இப்படி ஆகுதுன்னு பேப்பர்ல வரைஞ்சு காட்டினாதான் எனக்கே புரிஞ்சுது. கண்ணு, பின் சைட்டோட பள்ளம், முன் சைட்டோட முனை, கார்டு, இந்த நாலும் ஒரே கோட்டுல வரணும். முன் சைட் பேரல்ல வலது பக்கம் தள்ளி உட்கார்ந்திருந்தா, அதை நடுவுல கொண்டுவர நாம அறியாமலே பேரல் முனையை இடது பக்கம் திருப்பிடறோம். சைட் நேரா கார்டைப் பார்க்குது, பேரல் கார்டுக்கு இடது பக்கம் பார்க்குது, குண்டு பேரல் சொல்றதைத்தான் கேக்கும். அதனால முன் சைட்டைப் பொறுத்தவரை குண்டு எந்தப் பக்கம் தப்பிப் போகுதோ அந்தப் பக்கமே சைட்டையும் தள்ளணும். மேல கீழயும் அதே கணக்குதான், குண்டு கீழ போனா தகடு ரொம்ப உயரம்னு அர்த்தம். பின் சைட்டுக்கு நேர் எதிர், குண்டு எந்தப் பக்கம் வரணுமோ அந்தப் பக்கம். இந்த ரெண்டையும் மாத்திக் குழப்பிக்கிட்டவன் நான் முதல் ஆளும் இல்ல, கடைசி ஆளும் இல்ல.

எவ்வளவு தள்ளணும்ங்கறதை பாப்பாதான் கணக்கு போட்டா. "இது சிமிலர் ட்ரையாங்கிள்தானே மாமா"ன்னு நோட்டை எடுத்துட்டு வந்துட்டா. ரெண்டு சைட்டுக்கும் நடுவுல தூரம் 420 எம்எம். கார்டு 10,000 எம்எம் தூரத்துல. தப்பு இப்ப 69 எம்எம். 69ஐ 420ஆல பெருக்கி 10,000ஆல வகுத்தா 2.9 எம்எம். அவ்வளவுதான், மூணு எம்எம் கூட இல்ல. அதுல ஒரு எம்எம் என் ஸ்க்ரூடிரைவர் புண்ணியம். முன் சைட் ஒரு எம்எம் நகர்ந்தா 10 மீட்டர்ல குண்டு கிட்டத்தட்ட 24 எம்எம் நகரும்.

இந்தக் கணக்கு தெரிஞ்சதும் எனக்கு இன்னொரு பழைய சந்தேகம் தீர்ந்துச்சு. கோனியம்மன் தேர் அப்பவும் பொருட்காட்சியிலயும் பலூன் சுடற கடை போடுவாங்கல்ல, அங்க குறி தப்பினா எல்லாரும் சொல்ற ஒரே டயலாக், கடைக்காரன் சைட்டை வேணும்னே வளைச்சு வச்சிருக்கான்னு. நானும் சின்ன வயசுல இருந்து அதைச் சொல்லித்தான் மானத்தைக் காப்பாத்திட்டிருந்தேன். அங்க பலூன் இருக்கறது மூணு மீட்டர் தூரத்துல. முன் சைட் 2 எம்எம் கோணியிருந்தாலும் மூணு மீட்டர்ல 15 எம்எம் கூட தப்பாது, பலூனோ கைப்பிடி அகலம். பலூனைத் தாண்டிப் போகணும்னா சைட்டை 7 எம்எம் தள்ளி வைக்கணும், அது கண்ணாடி போடாமலே எனக்குத் தெரியும். ஆக அத்தனை வருஷம் தப்பினது சைட் இல்ல.

சரி, சுத்தியலை ஓரமா வச்சேன். சுத்தியால தட்டினா எவ்வளவு நகருதுன்னு கையில இல்ல, ஒண்ணு நகராது, இல்ல ஒரேயடியா நகரும். பழைய பாயிண்ட் 303 ராணுவ ரைஃபிளுக்கெல்லாம் முன் சைட்டை நகர்த்தறதுக்குன்னே ஆர்மரர்கிட்ட, அதாவது துப்பாக்கி ரிப்பேர் பார்க்கறவர்கிட்ட, திருகு வச்ச டூல் ஒண்ணு இருக்கும், தட்டற வேலையே கிடையாது. உயரத்துக்குக் கூட தகடை ராவ மாட்டாங்க, நம்பர் போட்ட வேற வேற உயரத்துல தகடு இருக்கும், எது சரியா வருதோ அதை மாட்டுவாங்க. அந்த திருகு டூல் மாதிரி ஒண்ணு நம்மளே பண்ணிக்கலாம்னு ரைஃபிளை மறுபடி சாக்குல சுத்தி கணபதிக்கு எடுத்துட்டுப் போனேன்.

பட்டறையில முதல் வேலை, பேரல் வளைஞ்சிருக்கான்னு பார்க்கறது. மடக்கற ரைஃபிள்ல பேரல் தொறந்திருக்கறப்ப தெரியாம டிரிக்கரை இழுத்துட்டா ஸ்ப்ரிங் வேகத்துல பேரல் படீர்னு மூடி மேல்பக்கமா வளைஞ்சுக்கும், விரல் நடுவுல இருந்தா விரலும் போச்சு. கீழ விழுந்தும் வளையலாம். வளைஞ்ச பேரலுக்கு சைட்டை அட்ஜஸ்ட் பண்றது கூன் விழுந்தவருக்கு சட்டையை ஏத்தி எறக்கித் தைக்கற மாதிரி. பேரலைத் தனியா கழட்டி ரெண்டு வி பிளாக்ல போட்டு டயல் வச்சு உருட்டிப் பார்த்தேன், முள்ளு பெருசா அசையல. நிம்மதி.

அப்புறம் 12 எம்எம் இரும்புப் பட்டையில லாடம் மாதிரி ஒரு துண்டு வெட்டி, அடியில பேரல் உட்கார வி பள்ளம், அந்தப் பள்ளத்துல பழைய செருப்புத் தோல் ஒட்டி, லாடத்தோட ஒரு கையில ஓட்டை போட்டு எம் 6 போல்ட்டுக்கு மரை வெட்டினேன். போல்ட் முனையில பித்தளைத் தொப்பி, அது லேத்துல ரெண்டு நிமிஷ வேலை. பித்தளை ஏன்னா இரும்பு இரும்பை நசுக்கும், பித்தளை தான் நசுங்கிக்கும். எம் 6 போல்ட்டுக்கு பிட்ச் 1 எம்எம். அதாவது ஒரு முழு சுத்து சுத்தினா சைட் ஒரு எம்எம் நகரும், கால் சுத்துக்கு கால் எம்எம், கார்டுல 6 எம்எம். இந்த சந்தோஷத்துல நான் அன்னைக்கு மத்தியானம் வந்த ஒரு ஜாப்பை சாயங்காலத்துக்குத் தள்ளிட்டேன்.

தள்றதுக்கு முன்னாடி பிளாக்கும் பேரலும் சேர்ற இடத்துல ஊசியால மெல்லிசா ஒரு கோடு கிழிச்சேன், எங்க இருந்து கிளம்பினோம்னு தெரியணும்ல. டவ்டெயில்ல ரெண்டு சொட்டு துரு இளக்கற எண்ணெய் விட்டு டீ குடிச்சுட்டு வந்து திருகினேன். முதல் அரை சுத்து கல்லு மாதிரி இருந்துச்சு, அப்புறம் "டிக்"னு ஒரு சின்ன சத்தம், கையில அது தெரிஞ்சுது, பிளாக் கிளம்பிடுச்சு. வெர்னியர்ல பிளாக் விளிம்புக்கும் பேரல் விளிம்புக்கும் அளந்து அளந்து, மூணு சுத்துக்குக் கொஞ்சம் கம்மியா நிறுத்தினேன்.

நிறுத்தினா அங்க பிளாக் ஆடுது. விரலால தள்ளினா நகருது. அடி வாங்கினதுல டவ்டெயில் விரிஞ்சிருக்கு போல. முழுசா வெளிய எடுத்துப் பார்த்தப்பதான் கவனிச்சேன், டவ்டெயில் தரையில ரெண்டு பழைய சென்டர் பஞ்ச் புள்ளி. லூஸான டவ்டெயிலுக்கு அடித்தரையில பஞ்ச் அடிச்சா புள்ளியைச் சுத்தி இரும்பு லேசா எழும்பும், அது பிளாக்கைக் கவ்விப் பிடிக்கும், பட்டறை வைத்தியம். யாரோ முன்னாடியே இந்த வைத்தியம் பார்த்திருக்காங்க. உடனே வீட்டுக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்ப்பா, இந்த சைட்டை முன்னாடி யாராவது கழட்டினீங்களா?"

"நான்தான்டா. ஒரு தடவை சைக்கிள்ல கட்டி எடுத்துட்டு வர்றப்ப விழுந்துருச்சு, நானே தட்டி சரி பண்ணேன்."

"அப்ப ஞாயித்துக்கிழமை நான் வலது பக்கம் தட்டினப்ப உங்களுக்குத் தெரியுமில்ல அது தப்புன்னு?"

"தெரியும்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நானும் முதல்ல வலது பக்கம்தான் தட்டினேன்"னு சொல்லிட்டு போனை வச்சுட்டார்.

மறுபடி பஞ்ச் அடிக்க எனக்கு மனசு வரல, அந்தப் புள்ளிகளை அப்படியே விட்டுட்டு 0.05 எம்எம் பித்தளை ஷிம், அதாவது காகிதம் மாதிரி மெல்லிசு, ஒரு துண்டு வெட்டி அடியில போட்டு பிளாக்கை உள்ள ஏத்தினேன், இப்ப திருகினாத்தான் நகருது. நகராம ஒட்டிப் பிடிக்கற லாக்டைட் பசை போடல, சுட்டுப் பார்த்து முடிச்சப்புறம்தான் அது.

இன்னொரு கோளாறும் இருந்துச்சு. தகடு நிமிர்ந்து நிக்கல, லேசா வலது பக்கம் சாஞ்சிருந்துச்சு. வெறும் கண்ணுக்கு இது ஏமாத்தும், ரைஃபிளை சாச்சுப் பிடிச்சா தகடு நேரா தெரியும், நேரா பிடிச்சா சாஞ்சு தெரியும். அதனால பின் சைட் மேல ஸ்பிரிட் லெவல் வச்சு ரைஃபிளை வைஸ்ல நேரா பிடிச்சுக்கிட்டு, ரெண்டடி தள்ளி மேல இருந்து ஒரு நூல்ல நட்டு கட்டித் தொங்கவிட்டேன், கொத்தனார் தூக்குக்குண்டு மாதிரி. பின் சைட் வழியா பார்த்து தகடோட ஓரத்தை நூலோட ஒட்டிப் பார்த்தா எவ்வளவு சாஞ்சிருக்குன்னு பளிச்சுன்னு தெரிஞ்சிருது. தோல் சுத்தின பிளையர்ல பிடிச்சு கொஞ்சம் கொஞ்சமா நிமிர்த்தினேன். ஒரே மூச்சுல நிமிர்த்தினா உடையும், பழைய இரும்பு.

அடுத்த ஞாயிறு. முதல் குரூப் இடது வலது சரியா வந்துருச்சு, ஆனா ஒரு சென்டிமீட்டர் கீழ. பாப்பாவுக்கே காரணம் தெரிஞ்சுருச்சு, "சாஞ்சிருந்த தகடு நிமிர்ந்துச்சுல்ல, உயரம் கூடிருச்சு, அதான் கீழ போகுது"ன்னா. நான் அரத்தை எடுக்கப் போனேன், அவதான் நிறுத்தினா, "மாமா, பின் சைட்ல திருகு இருக்குல்ல, அதை ஏத்துங்க". கரெக்ட். ராவினது திரும்ப வளராது. பின் சைட்ல ஏத்தறதுக்கு இடமே இல்லாமப் போனாத்தான் தகடுல கைவைக்கணும். பின் சைட்டை ரெண்டு புள்ளி ஏத்தினோம், கூட்டம் கறுப்புக்குள்ள வந்து உட்கார்ந்துச்சு.

கிளப்ல இருக்கற மேட்ச் ரைஃபிள்ல முன் சைட் தகடே கிடையாது, குழாய்க்குள்ள ஒரு வளையம், அந்த வளையத்துக்குள்ள கறுப்பு வட்டம் நிலா மாதிரி நடுவுல நிக்கணும். அந்த கறுப்பு 30.5 எம்எம், அதோட பத்து பாயிண்ட் புள்ளி வெறும் அரை எம்எம், பெல்லட்டே அதைவிட ஒம்பது மடங்கு பெருசு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ல அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கின அன்னைக்கு ஃபைனலுக்கு முன்னாடி சோதனை ஷாட் சுடறப்ப சைட் செட்டிங் மாறிப்போயிருந்ததா அவரே சொல்லியிருக்கார், இருக்கற கொஞ்ச நேரத்துல அதை சரி பண்ணிட்டு கடைசி ஷாட் 10.8 சுட்டார், மொத்தம் 700.5. அதைச் சொன்னதும் பாப்பா என்னை மேல இருந்து கீழ வரை பார்த்துட்டு "உங்களுக்கு ஒரு வாரம் ஆச்சு"ன்னா.

சாயங்காலம் நாலு மணிக்கு மேல திரும்ப ஒரு தொல்லை. தென்னை மரத்துக்கு நடுவுல வெயில் சாஞ்சு வந்து தகடோட ஒரு பக்கம் மட்டும் பளபளன்னு மின்னுது, நான் பிளையர்ல பிடிச்சு நிமிர்த்தினதுல மேல் பூச்சு வேற போயிருச்சு. மின்னற ஓரம் எது, நிஜ ஓரம் எதுன்னு கண்ணு குழம்பி கூட்டம் மறுபடி அலைய ஆரம்பிச்சிருச்சு. சைட்டுக்குக் கரி பிடிக்கறது பழைய வழக்கம்தான், விளக்குல காட்டி கறுப்பாக்குவாங்க. பேரல் முனையில தீயைக் காட்ட எனக்குப் பிடிக்கல. பாப்பா உள்ள ஓடிப்போயி அம்மாவோட கண் மை டப்பாவை எடுத்துட்டு வந்தா, விளக்கெண்ணெய் விளக்குல பிடிச்ச சுத்தமான கரி, சுண்டுவிரல்ல தொட்டு தகடுக்கு இழுகினா. கும்முன்னு இருட்டு. வெயிலுக்கு முன்னாடி தகடு கோடு கிழிச்ச மாதிரி நின்னுச்சு. அடுத்த அஞ்சு ஷாட் ரெண்டு சென்டிமீட்டர், கறுப்புக்குள்ள.

அன்னைக்கு ராத்திரியே ஒரு சொட்டு லாக்டைட் விட்டு, ஊசிக்கோடு புதுசா ஒண்ணு கிழிச்சு வச்சேன். பக்கத்துலயே பழைய கோடும் இருக்கு, நடுவுல 2.9 எம்எம். ரைஃபிள் இப்ப பரண்ல இல்ல, சுவத்துல ஆணி அடிச்சு பூட்டின பீரோவுக்குள்ள. கண் மை டப்பாவுல துப்பாக்கி எண்ணெய் வாடை வருதுன்னு அம்மா நேத்து போன்ல அக்காகிட்ட அரைமணி நேரம் பேசியிருக்காங்க, புது டப்பா நான்தான் வாங்கிட்டுப் போகணுமாம்.